கிளச்சக்காவின் இடது கால்

பேருந்து மேட்டில் ஏறத் தொடங்கியதும், ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் அக்காவின் இடது கால் தரையை அழுத்துகிறது. ஓட்டுநர் இன்னும் மூன்றாவது கியரிலேயே இழுத்துக்கொண்டிருக்கிறார். இஞ்சின் முக்குகிறது, முனகுகிறது. அக்கா பல்லைக் கடிக்கிறார். "மாத்துய்யா, மாத்து. பாவம், அது அழுவுது பாரு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். ஓட்டுநர் ஒருவழியாக இரண்டாவதுக்கு மாற்றிய பிறகுதான் அந்தக் கால் தரையை விட்டு எழுகிறது. பக்கத்து இருக்கைக்காரர் இரக்கப்பட்டு, காலில் ஏதும் வலியா என்று விசாரித்தால், "இல்லீங்க, வண்டிய நான்தான் ஓட்டுறேன்" என்பார். அதற்குமேல் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை.

அந்தக் காலுக்கு ஓய்வு ஒழிச்சல் கிடையாது. பல் மருத்துவரிடம் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தாலும், வாசலில் போகிற லாரிக்கு அது கிளட்ச் மிதிக்கும். திரையரங்கில் கார்கள் துரத்திக்கொண்டு ஓடினால் முன்வரிசைக்காரரின் இருக்கை நான்கு முறை குலுங்கும். "தூக்கத்துல கூட கியர் போடுறா. ரிவர்ஸ் போட்டான்னா நான் கட்டில்லேருந்து கீழ கெடப்பேன்" என்று அவருடைய கணவர் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் முறையிடுவார். கணவர் தையல்காரர். அவர் காலும் நாளெல்லாம் மெஷினை மிதித்துக்கொண்டுதான் இருக்கும். "ரெண்டு பேரும் காலால பொழைக்கிறோம். யாரை யார் குத்தம் சொல்றது?" என்பது அக்காவின் பதில்.

கிளட்ச் என்ற சொல் இந்தத் தெருவில் யார் வாயிலும் முழுசாக நிற்காது. கிளச்சு ஆகி, அதோடு அக்கா ஒட்டி, அவர் கிளச்சக்கா ஆனார். வயது நாற்பத்தெட்டு. தெருக்கோடியில் தகரக் கூரை போட்ட பட்டறை. மூன்று வண்டி நிற்கலாம், நான்காவது வந்தால் முதலாவது வெளியே போயாக வேண்டும். பட்டறை அவருடைய கூடப்பிறந்த அண்ணனுடையது. இஞ்சின் அண்ணனுக்கு, கியர் பெட்டி தங்கைக்கு என்று இருபத்திரண்டு வருடமாகப் பாகப்பிரிவினை. வாசலில் பெரிய பலகை மாட்டியிருக்கிறார் அண்ணன். ஆனால் வருகிற ஆள் பலகையைப் பார்ப்பதில்லை. "கிளச்சக்கா இருக்காங்களா?" என்றுதான் எட்டிப் பார்ப்பார். "போர்டு என்னோடது, கூட்டம் அவளோடது" என்பார் அண்ணன். அது பெருமையா புலம்பலா என்று அவரைக் கேட்டால் அவருக்கே தெரியாது.

தெருமுனையில் ஒரு வண்டி திரும்பும்போதே, வேலையிலிருந்து தலையைத் தூக்காமல், "மூணாவது கியர் பல்லு தேஞ்சிருக்கு. ஆயில் மாத்தி ரெண்டு வருஷம் ஆச்சு" என்பார் அக்கா. வண்டிக்காரர் இறங்கி வந்து, ஆறு மாசத்துக்கு முன்னாடிதான் ஆயில் மாத்தினேன் என்று அடித்துச் சொல்வார். அடியில் படுத்து ஆயில் திருகைக் கழற்றினால் தார் மாதிரி ஒன்று வடியும். வண்டிக்காரர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நிற்பார்.  அக்கா புருவத்தை மட்டும் ஒரு தடவை தூக்கி இறக்குவார். அதைவிட நாலு வார்த்தை திட்டியிருக்கலாம் என்று இருக்கும்.

கழற்றிய நட்டு, போல்ட்டையெல்லாம் அவர் ஐஸ் தட்டுகளில்தான் போட்டு வைப்பார். வீட்டுக் குளிர்ப்பெட்டியில் தண்ணீர் ஊற்றி ஐஸ்கட்டி ஆக்குகிற அதே தட்டுகள். ஒரு குழிக்கு ஒரு போல்ட்டு. எந்த வரிசையில் கழன்றதோ அந்த வரிசையிலேயே ஏறும். வேலை முடிந்தால் தட்டு காலியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வண்டி வாசலைத் தாண்டாது. வீட்டிலிருந்து ஒவ்வொன்றாகப் பட்டறைக்கு வந்து இப்போது பதினாலு தட்டுகள் சேர்ந்துவிட்டன. அதனால் தையல்காரருக்கு ஐஸ் வேண்டுமென்றால் டம்ளரில் தண்ணீர் ஊற்றித்தான் உறைய வைக்க வேண்டும். பதினோரு பைகள் வைத்து அக்காவுக்கு அவர் தைத்துக் கொடுத்திருக்கிற வேலைச் சட்டையைப் பார்த்தால், மனிதர் தன் வருத்தத்தையெல்லாம் தையலில் தீர்த்துக்கொள்கிறார் என்று தெரியும். அப்படி ஒரு தையல்! முழங்கையில் மட்டும் மூன்று மடிப்பு.

இவருடைய இருபத்திரண்டு வருடத்தில் பெரிய வேலை எது என்று கேட்டால் தெருவே ஒரே வண்டியைத்தான் சொல்லும். சிஸ்டருடைய வண்டி.

சிஸ்டர் என்பது மலைக்குடியிருப்புகளுக்கு வாரத்தில் மூன்று நாள் போய்ப் பிரசவம் பார்க்கும் நர்ஸ். நாலு சக்கரமும் இழுக்கிற பெரிய வண்டி அவருடையது. பின்பக்கத்தில் ஒரு ஆள் நீட்டிப் படுக்கலாம். ஆனால் அது தானாகக் கியர் மாறுகிற ஆட்டோமேட்டிக், பட்டறைப் பேச்சில் ஆட்டோ வண்டி. மலைப்பாதையில் பதினாலு வளைவு. வெறும் மண்ணும் கல்லும். ஏறி இறங்கி ஏறி இறங்கி, உள்ளே இருக்கிற ஆயில் கொதித்து, பெட்டி பிடி விட்டுவிடும். இரண்டு தடவை பழுது பார்த்தாயிற்று. மூன்றாவது தடவை, இடுப்பு வலி கண்ட ஒரு பெண்ணைப் பின்னால் படுக்கவைத்துக் கீழே இறங்கிக்கொண்டிருந்தபோது, ஒன்பதாவது வளைவில் பெட்டி மொத்தமாகக் கைவிட்டது. பிரேக்கும் சூடேறிப்போயிருந்தது. வண்டியை மலைச்சுவரில் உரசி உரசித்தான் சிஸ்டர் நிறுத்தினார். குழந்தை அங்கேயே, அந்த வளைவிலேயே பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம். வண்டியின் ஒரு பக்கம்தான் கந்தல்.

"எனக்குக் கை கியர் வேணும்" என்று பட்டறை வாசலில் நின்றார் சிஸ்டர். "பழைய வண்டில கை கியர்தான் ஓட்டினேன். பள்ளத்துல மொதல் கியரைப் போட்டா வண்டி நம்ம கைல நிக்கும். இது என்னடான்னா, அதுவா யோசிச்சு அதுவா விட்டுடுது. நாலு பட்டறை பாத்துட்டேன். எல்லாரும் வேற வண்டி வாங்குன்னு சொல்றாங்க. வேற வண்டி வாங்கற நிலமைல நான் இல்ல."

அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே தலையை ஆட்டினார். "சிஸ்டர், அது வேலை இல்ல, வம்பு. ரெண்டாவது தெருவுல ஒருத்தன் இப்படித்தான் ஒரு ஆட்டோ வண்டியக் கை கியர் ஆக்கறேன்னு பிரிச்சான். இப்ப அந்த வண்டிக்குள்ள பூனை குட்டி போட்டிருக்கு."

வேறொரு வண்டியின் அடியிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "வண்டிய உள்ள விடுங்க சிஸ்டர்."

சிஸ்டர் போன பிறகு அண்ணனுக்கும் தங்கைக்கும் நடந்தது சண்டை என்று சொல்ல முடியாது. இருவரும் குரலை உயர்த்தவில்லை. ஆனால் பக்கத்து டயர் கடைக்காரர் வேலையை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார்.

"உனக்கென்ன இருபது வயசுன்னு நெனப்பா? போன வருஷம் தோள்பட்டையைத் தூக்க முடியாம ஒரு மாசம் வீட்டுல கெடந்த. தரையில படுத்துப் படுத்து முதுகு போச்சு. எதுக்கு இந்த வீம்பு?"

"வீம்பு இல்ல அண்ணே. செய்யக்கூடிய வேலை. செய்யறேன்."

 தங்கையைத் தரையிலிருந்து எழுப்ப ரொம்ப நாளாகவே அண்ணன் ஒரு சாக்குத் தேடிக்கொண்டிருந்தார், இப்போது கிடைத்துவிட்டது. "சரி. ஒரே தடவை. புதுப் பெட்டி மேல ஏறினா ஏறினதா இருக்கணும். ஏதோ கோளாறுன்னு திரும்பக் கீழ இறங்கிச்சுன்னா, அன்னியோட நீ ஸ்பேனரை வச்சிடணும். மேசைல உக்காந்து போன் எடு. வர்றவங்களுக்குப் பதில் சொல்லு. சம்மதமா?"

"இறங்காது அண்ணே" என்றார் அக்கா. அவர் சொன்ன விதத்தைக் கேட்டு டயர் கடைக்காரருக்கே உடம்பு சிலிர்த்ததாம். அந்த மேசையில் உட்காருவது என்றால் அக்காவுக்குச் சிறைதான். அது அண்ணனுக்கும் தெரியும்.

பதினோரு நாள் நடந்தது வேலை. விபத்தில் முன்பக்கம் நசுங்கிய அதே மாதிரி வண்டி ஒன்றைப் பழைய சாமான் கிடங்கில் தேடிப் பிடித்து, அதிலிருந்து கை கியர் பெட்டியைக் கழற்றிக் கொண்டுவந்தார். பெட்டிக்குப் பின்னால் நாலு சக்கரத்துக்கும் இழுவையைப் பங்கு வைக்கிற சின்னப் பெட்டி ஒன்று உண்டு. சிஸ்டர் வண்டியில் ஏற்கெனவே இருந்த அந்தச் சின்னப் பெட்டியும் புதிதாக வந்த இந்தப் பெரிய பெட்டியும் ஒன்றோடொன்று சேர வேண்டும். அக்கா கண்ணை மூடிக்கொண்டு, உள்ளே விரலை விட்டுப் பல்லை எண்ணினார். இங்கே இருபத்தாறு. அங்கேயும் இருபத்தாறு. "சம்பந்தம் ஒத்துப்போச்சு. இனிமே ரெண்டு வீட்டாரும் சிரிச்ச மொகமா இருக்கணும்" என்று இரண்டு பெட்டிகளையும் தட்டிக்கொடுத்தார்.

ஆனால் மற்றதெல்லாம் முரண்டு பிடித்தது. ஆட்டோ வண்டிக்கு இரண்டே மிதி. மூன்றாவதுக்கு இடம் பண்ண, அகலமான பிரேக் மிதியை எடுத்துவிட்டு ஒடுங்கலான ஒன்றைப் போட வேண்டியிருந்தது. பின்னால் போகிற தண்டு நான்கு விரல்கடை நீளமாகிப்போனது. அளந்து, அறுத்து, திரும்ப ஒட்டவைத்து, ஆடாமல் சுற்றுகிறதா என்று பார்த்து எடுத்துவைத்தார். கியர் கம்பிக்காகத் தரையில் துளை போட்டார். இத்தனையும் முடித்து, பெட்டி ஏற்றுமுன் இஞ்சினை மட்டும் சோதிக்கலாம் என்று சாவியைத் திருப்பினால் வண்டி மூச்சே விடவில்லை. ஆட்டோ பெட்டி ஓய்வில் இருக்கிறது என்று யாராவது சொன்னால்தான் அந்த இஞ்சின் கிளம்பும். சொல்வதற்கு இப்போது ஆட்டோ பெட்டியே இல்லை. இரண்டு கம்பிகளைச் சேர்த்துக் கட்டி, "செத்தவங்களுக்காகக் காத்திருக்காத, கெளம்பு" என்றார். கிளம்பியது.

கியர் கம்பியைச் சுற்றித் தோலுறை ஒன்று வேண்டும். தையல்காரர் வந்து, டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, கம்பியின் இடுப்பை அளந்தார். ஐந்து கியருக்கும் அதை வளைத்து வளைத்துப் பார்த்து, எந்தப் பக்கம் இழுக்கும், எந்தப் பக்கம் மடியும் என்று குறித்துக்கொண்டார். சட்டைக்குக்கூட அவர் இத்தனை அளவு எடுத்ததில்லை.

இனி வருவதுதான் விஷயம். இஞ்சினின் தண்டு முனையில் ஒரு குழி இருக்கும். கை கியர் பெட்டியிலிருந்து நீண்டு வருகிற தண்டின் மூக்கு அந்தக் குழிக்குள் உட்கார வேண்டும். மூக்கு ஆடாமல் இருக்க, குழிக்குள் பித்தளையில் ஒரு புஷ் அடிப்பார்கள். மோதிரம் மாதிரி, கட்டைவிரல் தடிமன்தான். ஆட்டோ வண்டிக்கு அது தேவையே இல்லை, அதனால் இந்த இஞ்சினில் குழி மட்டும் வெறுமனே இருந்தது. சரியான அளவில் புஷ் ஒன்றைக் கடைந்து வாங்கினார் அக்கா. இறுக்கமான புஷ்ஷைச் சுத்தியால் அடித்தால் வாய் பிளந்துவிடும். அதனால் முந்தின நாளே ஃப்ரீசரில் போட்டு வைப்பது அவர் வழக்கம். குளிரில் அது மயிரிழை சுருங்கும். எடுத்த சூட்டோடு குழியில் வைத்து நாலு தட்டுத் தட்டினால் சமர்த்தாகப் போய் உட்காரும். புஷ்ஷை ஒரு டம்ளரில் போட்டு வீட்டு ஃப்ரீசரின் ஓரத்தில் வைத்தார்.

மறுநாள் பெட்டி ஏற்றுகிற நாள். காலையிலேயே தெரு முழுக்கப் பட்டறை வாசலில் இருந்தது. டயர் கடைக்காரர் நாற்காலி போட்டுவிட்டார். பெயிண்டர் பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டே வந்துவிட்டார். இரண்டாவது தெருவிலிருந்து அந்தப் பூனை வண்டிக்காரர்கூட வந்திருந்தார். அக்கா வீட்டிலிருந்து நேரே வண்டியின் அடிக்குப் போனார். கனத்த சுழல்சக்கரத்தை இஞ்சினில் மாட்டினார். அதன்மேல் கிளட்ச் தட்டை வைத்தார். மற்றவர்கள் தட்டை நடுவில் நிறுத்த ஒரு கட்டையை உள்ளே நுழைத்துப் பார்த்துத்தான் இறுக்குவார்கள். "கட்டை வேணாமாக்கா?" என்று கேட்டார் பூனை வண்டிக்காரர். "எனக்குக் கண்ணே போதும்" என்றார் அக்கா. கூட்டம் "ஆகா!" என்றது. கண் அளவில் வைத்து இறுக்கினார். ஜாக்கியில் பெட்டியை ஏற்றி, தோளால் ஒரு இடி, பாதத்தால் ஒரு உந்து. பெட்டி வழுக்கிக்கொண்டு போய் இஞ்சினோடு சேர்ந்தது. கைத்தட்டல்! ஐஸ் தட்டுகள் பதினாலும் காலி.

மத்தியானம் அக்காவே ஓட்டிக்கொண்டு தெருவைச் சுற்றி வந்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒவ்வொரு கியரும் வெண்ணெயில் கத்தி மாதிரி விழுந்தது. பாதி மிதியில் மட்டும் காலடியில் லேசாக ஒரு நடுக்கம் இருந்தது. புதுத் தட்டு, பழகிக்கொள்ளும் என்று தனக்கே சொல்லிக்கொண்டார். டயர் கடைக்காரர் நடுத்தெருவில் நின்று சல்யூட் அடித்தார். அண்ணன் போய் மேசையில் உட்கார்ந்தார். அந்த முகத்தில் சிரிப்பு எட்டிப் பார்ப்பதை அக்கா பார்த்துவிட்டார். மறுநாள் காலை சிஸ்டர் வந்து வண்டியை எடுப்பதாக ஏற்பாடு.

வீட்டுக்கு வந்தார் அக்கா. ஊரையே ஜெயித்துவிட்டு வந்தவருக்கு எலுமிச்சை ஜூஸ் போட்டுக் கொடுக்கலாம் என்று தையல்காரர் சமையலறைக்குப் போனார். டம்ளரில் உறைந்திருந்த ஐஸைக் கவிழ்த்துச் சொம்பில் போட்டுக் கலக்கினார். இரண்டு நிமிடத்தில் சொம்புக்குள் ணங் என்று ஏதோ ஒன்று விழுந்தது.

"இங்க பாரேன், ஐஸுக்குள்ள மோதிரம்! நேத்து ராத்திரி டம்ளர் காலியா இருக்குன்னு தண்ணி ஊத்தி வச்சேன். யாரோடது இது?"

அக்கா எட்டிப் பார்த்தார். ஜூஸுக்குள் பித்தளை புஷ் மினுமினுத்தது.  "சிஸ்டர் வண்டிக்குள்ள இருக்க வேண்டியதுங்க இது" என்றார்.

விஷயத்தைக் கேட்டதும் தையல்காரர் குரலைத் தாழ்த்தினார். "இது இல்லாமலேதான் வண்டி ஓடுதே?"

"ஓடும். மூணு மாசம் ஓடும். மூக்கு ஆடி ஆடி, பெட்டிய உள்ளுக்குள்ளயே தின்னுடும். அப்புறம் ஒரு நாள் கிளட்ச்ச மிதிச்சா விடாது, கியரைத் தள்ளினா விழாது. அது எந்த வளைவுல, பின்னாடி யாரைப் படுக்க வச்சிருக்கும்போதுன்னு நமக்குத் தெரியாது."

"யாருக்கும் தெரியாதுல்ல? இன்னொரு நாள் மெதுவா..."

"உங்க ஊசில காது இல்லேன்னாலும் துணிக்குள்ள போகும்ங்க. தைக்குமா?"

 தையல்காரர் ஜூஸிலிருந்து புஷ்ஷை எடுத்து, கழுவி, தன் வேட்டியிலேயே துடைத்து, இன்னொரு டம்ளர் ஐஸில் பொதிந்து கொடுத்தார். அக்கா அப்போதே கிளம்பினார். நாலு தெரு நடை. வழியெல்லாம் ஆத்திரம்; தன்மேல்தான். ஒரு கட்டையை நுழைத்துப் பார்த்திருந்தால் வெறும் குழிக்குள் அது லொடலொடவென்று ஆடி, அதுவே சொல்லியிருக்குமே! கூட்டத்தைப் பார்த்ததும் கண்ணே போதுமாம், கண்ணு! மேசையும் போனும் கண்முன்னால் வந்து வந்து போயின. ஒரு இடத்தில் நின்றேவிட்டார். பிறகு இன்னும் வேகமாக நடந்தார்.

பட்டறையில் டயர் கடைக்காரர், பெயிண்டர் எல்லாரும் இன்னும் காலையில் நடந்ததையே பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா நேரே மேசைக்குப் போய், ஐஸிலிருந்து புஷ்ஷை எடுத்து அண்ணனுக்கு முன்னால் வைத்தார். 

அண்ணன் அதை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தார். சில்லென்று இருந்தது. வேறு யாருக்கும் விளங்காவிட்டாலும் அவருக்கு விளங்கிவிட்டது. "ஃப்ரீசர்லயா?"

"ஆமாண்ணே. மறந்துட்டேன். பெட்டியை இறக்கணும்." மேசையிலிருந்த போனைக் காட்டினார் அக்கா. "சொன்ன சொல் சொன்னதுதான். நாளைலேருந்து போன் நான் எடுக்கிறேன். இன்னைக்கு மட்டும் என்னை விடு."

யாருக்கும் அவர் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. அக்காவே சிஸ்டருக்கும் போன் போட்டார். "சிஸ்டர், வண்டி நாளைக்குக் காலைல இல்ல, சாயங்காலம்தான். தப்பு என்மேல. உள்ள வைக்க வேண்டிய சாமான் ஒண்ணை வீட்டு ஃப்ரிட்ஜுல வச்சுட்டு மூடிட்டேன்."

மறுமுனையில் சிஸ்டர் சிரித்தது மேசைவரைக்கும் கேட்டது. "அட போங்கக்கா! ஆபரேஷன் பண்ணி வயித்துக்குள்ள கத்தரிக்கோலை வச்சுத் தைக்கிறவங்களே இருக்காங்க. நீங்க வெளியதான வச்சீங்க. சொன்னீங்களே, அது போதும்."

காலையில் கைத்தட்டலோடு ஏறிய பெட்டி, சாயங்காலம் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, ஓசையில்லாமல் இறங்கத் தொடங்கியது. அக்கா தனியாகத்தான் அடியில் படுத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் பெருமூச்சும் முனகலுமாக ஏதோ நகர்ந்து வந்தது. அண்ணன். தொப்பை இடித்தது, ஒரு பக்கமாகத் திரும்பிப் படுத்து, பெட்டியின் மறுமுனையைத் தாங்கிக்கொண்டார். ஐந்து வருடமாயிற்று அவர் தரையில் படுத்து. திரும்ப ஐஸில் போட்டு வைத்திருந்த புஷ்ஷை எடுத்துக் குழியில் வைத்துத் தட்டினார் அக்கா. சமர்த்தாகப் போய் உட்கார்ந்தது. கிளட்ச் தட்டை வைத்ததும் கையை நீட்டினார்.

"கட்டையைக் குடு அண்ணே."

அண்ணன் கட்டையைக் கொடுத்தார். மேலே மேசையில் போன் அடித்தது. "போன் அடிக்குது" என்றார் அக்கா. "அடிக்கட்டும். அதுக்கு வேற வேலை இல்ல" என்றார் அண்ணன். பெட்டி திரும்ப மேலே ஏறியபோது யாரும் கைதட்டவில்லை. வண்டியைக் கிளப்பி, பாதி மிதியில் காலை நிறுத்திப் பார்த்தார் அக்கா. நடுக்கத்தின் சுவடே இல்லை.

மறுநாள் காலை, தலையைப் படிய வாரி, துவைத்த சட்டையோடு வந்து மேசை நாற்காலியில் உட்கார்ந்தார் அக்கா. சொன்ன சொல் அல்லவா? உட்கார்ந்தாரே ஒழிய, தெருவில் போகிற வண்டிக்கெல்லாம் மேசைக்கடியில் கால் மிதித்துக்கொண்டிருந்தது. அண்ணன் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார். ஒன்பதரைக்கு முதல் போன்.

"ஹலோ, பட்டறை" என்றார் அக்கா. மறுமுனையில் யாரோ சத்தமாக, "கிளச்சக்கா இருக்காங்களா?" என்று கேட்டது அண்ணன்வரைக்கும் கேட்டது. அக்கா வாயைத் திறந்தார். என்ன சொல்வது? இருக்கிறேன் என்றா, இல்லை என்றா?

அண்ணன் எழுந்து வந்து போனைப் பிடுங்கினார். "இருக்கா. வண்டிக்கு அடியில இருக்கா. கொண்டாங்க" என்று சொல்லி வைத்துவிட்டு, தங்கையை முறைத்தார். "இங்க என்ன பொம்மை மாதிரி உக்காந்திருக்க? எந்திரி! பெட்டி இறங்கிச்சுன்னா நிறுத்தணும்னு சொன்னேன், சரி. இறங்கினதுல பாதியை நான்தான தாங்கினேன்? அப்ப தோத்தது ரெண்டு பேரும். ரெண்டு பேரும் போன் எடுத்தா பட்டறைய யார் பாக்கறது?"

இது என்ன கணக்கு என்று டயர் கடைக்காரருக்கு இன்றுவரை புரியவில்லை. அக்காவுக்குப் புரிந்தது. எழுந்து, பதினோரு பை சட்டையை மாட்டிக்கொண்டார். அண்ணன் மட்டும் அன்றைக்கே போய் ஒரு தடித்த மெத்தை வாங்கிவந்து, தங்கை படுக்கிற இடத்தில் விரித்தார். அதில் படுக்கமாட்டேன் என்று அக்கா ஒரு வாரம் முறுக்கிக்கொண்டார் என்பது வேறு கதை.

அன்று சாயங்காலம் சிஸ்டர் வந்தார். சாவியை வாங்கிக்கொண்டு, "நீங்களும் வாங்கக்கா. மலைக்குப் போய்ட்டு வந்துடலாம்" என்றார். அக்கா பக்கத்து இருக்கையில் ஏறினார். மூன்றாவது வளைவு வரைக்கும் சிஸ்டரின் கால் தடுமாறியது. வருடக்கணக்காக இரண்டு மிதியிலேயே பழகிய கால். ஒவ்வொரு கியருக்கும் அக்காவின் இடது கால் முந்திக்கொண்டு தரையை அழுத்தியது. "மிதிங்க... ம்... விடுங்க, மெதுவா விடுங்க..." என்று வாயும் ஓட்டியது. ஐந்தாவது வளைவுக்குப் பிறகு வாய் நின்றது. கால் நிற்கவில்லை. உச்சிவரைக்கும் ஏறினார்கள். ஏறுவது பெரிய விஷயமில்லை என்று இருவருக்கும் தெரியும்.

இறங்கத் தொடங்கினார்கள். பதினாலு, பதிமூன்று, பன்னிரண்டு, பதினொன்று. அக்காவின் கால் ஒவ்வொரு வளைவிலும் அழுத்தியது, எழுந்தது. பத்தாவது முடிந்தது. மலைச்சுவரில் நீளமாக ஒரு கீறல் தெரிந்தது. வண்டியின் பழைய பெயிண்ட் இன்னும் அதில் ஒட்டியிருந்தது. சிஸ்டர் வண்டியை நிறுத்தினார். சின்னப் பெட்டியின் கம்பியை இழுத்து நாலு சக்கரத்துக்கும் மெதுவான இழுவையைக் கொடுத்தார். கிளட்சை மிதித்து முதல் கியரைப் போட்டார். காலை எடுத்தார். பிறகு பிரேக்கிலிருந்தும் எடுத்தார். இரண்டு பாதமும் தரையில். பள்ளம் இழுத்தது, வண்டி இழுபடவில்லை. இஞ்சின் அடித்தொண்டையில் ஒரே சீராக முனகிக்கொண்டு, வயிற்றுப்பிள்ளைக்காரி படி இறங்குவதுபோல, ஒவ்வொரு அடியாக வைத்து ஒன்பதாவது வளைவைத் தானாக இறங்கியது.

 சிஸ்டர் கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை. இரண்டு கையும் ஸ்டீரிங்கில் இருந்தன.

எட்டாவது வளைவு வந்தது. அக்கா இடது கால் செருப்பைக் கழற்றினார். அந்தக் காலை மெல்லத் தூக்கி, இருக்கைமேல் மடக்கி வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியே பள்ளத்தாக்கை வேடிக்கை பார்க்கத் தொடங்கினார்.